ஊதா வளையம்

தம்பி,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியைக் கட்டிலின் மேல் எடுத்துப் போட்டு நாலு புடவை வைத்தேன். பிறகு அந்த நாலையும் எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினேன். துணி காய்ந்துவிட்டதா என்று கொல்லைக்குப் போனேன். அன்று துணியே துவைக்கவில்லை என்பது கொடியைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. "ஏப்ரலுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கம்மா" என்று நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டாய். போனில் நான் சொல்ல ஆரம்பித்தால் "ம், ம்" என்பாய், பின்னால் ரயில் சத்தம் கேட்கும், "ஸ்டேஷன் வந்துட்டுதும்மா, அப்புறம் பேசுறேன்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையைப் பிரான்சுக்கு அனுப்பிவிட்டு, போவதா இருப்பதா என்று பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் காரைக்காலில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும், அவர்கள் பெற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

நீ கேட்பது எனக்குத் தெளிவாகவே புரிகிறது. வீட்டைப் பூட்டிச் சாவியைக் குரும்பகரத்துச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு நான் ஒரேயடியாக உன்னிடம் வந்துவிட வேண்டும். டிக்கெட்டும் போகிற வழிக்கு மட்டும்தான் போடப் போகிறாய். காரணங்களை வரிசையாக அடுக்கினாய். அம்மாவுக்கு வயதாகிறது. அம்மா ஸ்கூட்டியிலிருந்து விழுந்தாள். மாதா கோயில் படியில் கால் தவறினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவுக்கு இப்போது நிறமே சரியாகத் தெரியவில்லை. முதல் மூன்றையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயது எல்லோருக்கும்தான் ஆகிறது, உனக்கும் நெற்றி மேலே ஏறிக்கொண்டே போகிறது. ஸ்கூட்டியில் விழுந்தது நாய் குறுக்கே வந்ததால். படியில் தவறியது புதுச் செருப்பால். நாலாவதுதான் சுருக்கென்று குத்தியது. எத்தனை வருஷம் இந்த ஊர்ப் பெண்களின் புடவைக்கு ஜாக்கெட் துணியும், துணிக்கு நூலும் பொருத்திக் கொடுத்தவள் நான். நூல் ஒரு சாயல் தள்ளிப் போனாலும் பிரித்துத் தைப்பேன். என்னிடம் போய் நிறம் தெரியவில்லை என்கிறாய்.

உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய், அவர்கள் பாஷையில் சொல்தா. அவர் போன பிறகும் தெருவில் நம் வீட்டுக்குச் சொல்தா வீடு என்றுதான் பெயர். சொல்தா பெண்டாட்டிக்குத் தையல் மிஷின் எதற்கு என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேரே கேட்டார்கள். எதற்காக என்றால், எனக்குக் கால் சும்மா இராது. மிதிக்க ஏதாவது வேண்டும். மாதா கோயிலில் பூசை நேரத்தில்கூட பெஞ்சுக்கு அடியில் என் கால் மிதித்துக்கொண்டே இருக்கும், உன் அப்பா முழங்கையால் இடிப்பார். அவர் மட்டும் என்னவாம். லீவில் இங்கே வந்தால் ரொட்டி சரியில்லை என்பார், அங்கே போனதும் சங்கரா மீன் குழம்பு இல்லை என்று புலம்புவார். எந்தக் கரையில் இருந்தாலும் மறு கரையைப் பார்க்கிற மனுஷன். காலில் சக்கரம் கட்டிக்கொண்ட இரண்டு பேருக்குப் பிறந்தவன் நீ. உன்னை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

காலேஜில் படிக்கும்போது கோடியக்கரையில் பறவைக்கு வளையம் போடுகிறார்கள் என்று கிளம்பிப் போனாய். திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் கொசுக்கடி, வாயெல்லாம் பறவை. சோற்றைப் பிசைந்துகொண்டே எனக்கு விளக்கினாய். வலையில் விழுந்த பறவையை நோகாமல் எடுக்க வேண்டும். ஒரு காலில் எண் பொறித்த உலோக வளையம், இன்னொரு காலில் நிற வளையங்கள் மாட்டிப் பறக்கவிட வேண்டும். எண்ணைப் படிக்க அதை மறுபடி பிடித்தாக வேண்டும், நிறத்தைப் படிக்கத் தூரத்திலிருந்து பார்த்தாலே போதும். எந்தக் கால், எது மேலே, எது கீழே என்று சரியாகச் சொன்னால் அது எந்தப் பறவை, எங்கே வளையம் போட்டது என்று தெரிந்துவிடும். "உள்ளானுக்குக் கொலுசு மாட்டவா உன்னைக் காலேஜுக்கு அனுப்புனேன்?" என்று கேட்டேன். "உள்ளான் இல்லம்மா, இது உப்புக்கொத்தி" என்றாய். மைனா அளவுகூட இல்லாத பறவை, இமயமலைக்கு அந்தப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு நம் ஊர்ச் சேற்றுக்கு வருகிறது என்றாய். வளையம் காலில் சுழல வேண்டும், இறுகினால் கால் வீங்கிவிடும், தளர்ந்தால் கழன்று விழுந்துவிடும் என்றும் சொன்னாய். உன் விரலால் என் விரலைச் சுற்றிப் பிடித்து, இவ்வளவுதான் இடம் விட வேண்டும் என்று காட்டினாய். அந்தப் பிடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உனக்கு ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் ஊரோடு நிற்பாய் என்று நாலு பெரியவர்கள் சொன்னார்கள். நானும் நம்பிக் கல்யாணம் பண்ணிவைத்தேன். நீ கால்கட்டையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டாய். மருமகளுக்கும் உன்னைப் போலவே பிரெஞ்சுப் பாஸ்போர்ட், அதே அவசரம். கிளம்புகிற அன்று உன் பழைய பைனாகுலரை என் மிஷின் மேல் வைத்து, "சும்மா இருக்குறப்ப முகத்துவாரத்துப் பக்கம் போய்ப் பாருங்கம்மா, வளையம் தெரிஞ்சா எனக்குச் சொல்லுங்க" என்றாய். அழுகிற பிள்ளைக்குக் கிலுகிலுப்பை கொடுப்பதுபோல் கொடுக்கிறான் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டேன்.

அரசலாறு கடலில் சேருகிற இடத்தில் சேறு வெளியே தெரிகிற நேரம் பார்த்துப் போக வேண்டும். உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். ஓய்ந்து நின்றாலோ ஒற்றைக் காலில் நிற்கும், வளையம் இருக்கிற காலைத்தான் வயிற்றுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். அது அந்தக் காலை இறக்கட்டும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மொத்தக் கூட்டமும் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி வேறு இடத்தில் இறங்கும். அதில் நம்முடையது எது என்று மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். போனில் படம் எடுத்தால் சேற்றில் ஒரு புள்ளிதான் தெரியும். முதல் தடவை நான் வலதையும் இடதையும் மாற்றிச் சொல்லிவிட்டேன். எதிரே நிற்பவரின் வலது தோள் என் இடது கைப்பக்கம் என்று தெரிந்து அளவெடுக்கிறவள், பறவையிடம் அதைக் கோட்டை விட்டேன். நீ சிரித்தாய். அடுத்த தடவை பச்சையும் மஞ்சளும் சரியாகச் சொன்னேன். கோடியக்கரையில் வளையம் போட்டதுதான், மலை தாண்டிப் போய்விட்டுத் திரும்ப நம் பக்கமே வந்திருக்கிறது என்று நீ விசாரித்துச் சொன்னாய். அன்று உனக்கு ஸ்டேஷனே வரவில்லை. எவ்வளவு நேரம் பேசினாய். மற்ற நாளெல்லாம் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பதோடு முடிந்துவிடும். அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பறவைக்காக மட்டும் அந்த வெயிலில் நிற்கவில்லை. உன் குரல் அப்படி மாறுவதைக் கேட்பதற்காகவும் நின்றேன்.

இந்தத் தடவை மழை ஓய்ந்த பிறகு ஒன்று வந்தது. இடது காலில் உலோகம். வலது காலில் மேலே மஞ்சள், கீழே ஊதா. புதுச் சேர்க்கை, இதற்கு முன் நான் கண்டதில்லை. அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டேன்.

"ஊதாவாம்மா? நல்லாப் பாத்தீங்களா?"

"ஊதாதாண்டா. பளிச்சுன்னு தெரியுது."

"ஊதா யாரும் போடுறதில்லம்மா. வெயில்ல வெளுத்துடும்னு அதை விட்டுட்டாங்க. சிவப்பு அழுக்கேறினா அப்படித் தெரியும்."

"சிவப்புக்கும் ஊதாவுக்கும் வித்தியாசம் தெரியாதவளாடா நான்?"

மறுபடி இரண்டு தடவை அதே பறவையைப் பார்த்தேன், இரண்டு தடவையும் அதையேதான் சொன்னேன். அந்தச் சேர்க்கையில் பறவையே கிடையாது என்று வளையம் போடுகிறவர்களிடமிருந்து பதில் வந்துவிட்டதாக நீ சொன்னாய். உன் குரல் மாறியது, ஆனால் நான் ஆசைப்பட்ட மாதிரி இல்லை. நோயாளியிடம் பேசுகிற குரல். "பரவால்லம்மா, அதை விடுங்க. கண்ணை ஒரு தடவை காட்டுங்க" என்றாய். அதற்கு அடுத்த வாரம் டிக்கெட் பேச்சு வந்தது, சாவிப் பேச்சு வந்தது. இல்லை என்று நீ சொன்ன பறவை என் கண் முன்னால் சேற்றில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது.

வீட்டுக்கு வந்து நூல்கண்டு டப்பாவைத் தரையில் கொட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்து வாய்விட்டுச் சொன்னேன். கிளிப்பச்சை, அரக்கு, கத்தரிப்பூ, ஊதா, மாம்பழ மஞ்சள். தயங்காமல் சொன்னேன். சொன்னது சரியா என்று யார் சொல்வது? வெளியே போய்க் கேட்டால் டைலரம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் பேசும். உன் அப்பா படத்தைப் பார்த்து, "இது என்ன கலருங்க?" என்று ஒரு நூல்கண்டை நீட்டினேன். அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே புடவை நிறம் கேட்டால், எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று நழுவுகிற ஆள்.

கண் டாக்டரிடம் போனேன். புள்ளிப் புள்ளியாக நிறம் நிறைந்த புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். எல்லாவற்றையும் படித்தேன். "கலர் தெரியலன்னு யாருங்க சொன்னது?" என்றார்.

"என் பையன்."

"பையன் எங்க இருக்காரு?"

"பிரான்சுல."

"அங்கேருந்தே பாத்துட்டாரா?" என்று கேட்டுவிட்டு, கிட்டத்துப் பார்வைக்கு மட்டும் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்.

அதைக் கேட்டு நான் நிம்மதியாகியிருக்க வேண்டும். நடந்தது வேறு. கண் சரியாக இருக்கிறது என்றால் கோளாறு கண்ணுக்குப் பின்னால் இருக்கிறதா என்று தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு என்னை நானே வேவு பார்த்தேன். சாவியை வைத்த இடம் மறந்தால் இன்று என்ன கிழமை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் ஸ்கூட்டியைத் திருப்பினேன். முகத்துவாரத்துக்குப் போவதையே விட்டுவிட்டேன். பார்த்துவிட்டு யாரிடம் சொல்வது? பிள்ளை சொல்வதுதான் சரி, போய்விடலாம் என்று ஒருநாள் முடிவே பண்ணிவிட்டேன். அன்று உன்னைக் கூப்பிடுவதற்கு முன்னால், கடைசியாக நல்ல மீன் வாங்கி ஒரு குழம்பு வைத்துவிடுவோம் என்று காரைக்கால்மேட்டுக்குப் போனேன்.

ஏலம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. என்னிடம் ஜாக்கெட் தைக்கிற செல்வி கூடையோடு கரையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். பக்கத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தவரிடம், "எங்க ஊதா போட்டு வந்துட்டுதா?" என்று கேட்டாள். "அதோ வருதுல்ல, ஊதா" என்று அவர் தலையைத் தூக்காமலே கையைக் காட்டினார். நானும் பார்த்தேன். அலையைத் தாண்டி வந்தது ஒரு படகு, வானத்து நிறத்தில். உன் பள்ளிப் புத்தகத்தில் வானத்து நிறத்துக்கு வேறு பெயர் போட்டிருந்தது சட்டென்று நினைவுக்கு வந்தது.

"செல்வி, அந்தப் போட்டு என்ன கலரு?"

"என்னக்கா கேக்குறீங்க? ஊதா. எங்க போட்டு உங்களுக்குத் தெரியாதா?"

"நீலம்னு சொல்லமாட்டியா?"

"பள்ளிக்கூடத்துல அப்படிச் சொல்வாங்க. இங்க ஊதான்னாதான் தெரியும்."

"அப்ப கருஞ்சிவப்பும் நீலமும் கலந்தாப்ல இருக்குமே, அது?"

"அது கத்தரிப்பூக்கா. நீங்கதான எனக்கு அந்தக் கலர்ல தைச்சுக் குடுத்தீங்க."

நான் அப்படியே ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. செல்வி பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை தம்பி. மூளைக்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பறவை காலில் இருந்தது நீ சொல்கிற நீலம். நான் சொல்கிற ஊதா. நம் வீட்டில் நீலம் என்றால் வெள்ளைத் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் ஒன்றுதான், மற்றதெல்லாம் ஊதா. நீ மனதில் நினைத்த நிறத்துக்கு நம் வீட்டில் கத்தரிப்பூ என்று பெயர். நீலமாம்மா, வானம் மாதிரியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஆமாண்டா அதைத்தானே கத்துகிறேன் என்று சொல்லியிருப்பேன். நீ சிவப்பு வரைக்கும் போய்க் கேட்டாய், அதை மட்டும் கேட்கவில்லை.

முதலில் நிம்மதி, அப்புறம் கோபம், வீட்டுக்கு வந்து மீன் கழுவும்போது வந்தது துக்கம். உன் பள்ளிக்கூடத்து டவுசர் என்ன நிறம், சொல். துணி எடுத்து நான் தைத்தது. காலையில் பனியனோடு நின்று, "அம்மா, என் ஊதா டவுசர் எங்க?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவாய். அப்போது வானவில் பாடத்தில் ஊதாவை நீலத்தைத் தாண்டி வேறு இடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், உனக்கு அதற்கும் மதிப்பெண் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு ஊதா, வீட்டில் ஒரு ஊதா என்று இரண்டையும் குழப்பாமல் வைத்திருந்தாய். போன இடத்தில் ஒன்று உதிர்ந்துவிட்டது. உதிர்ந்தது என்னுடையதாகப் போய்விட்டது. அதுதான் வலிக்கிறது. உன்னைக் குற்றவாளியாக்க எழுதவில்லை. தினம் வேறு பாஷையில் வேலை பார்க்கிறவனுக்கு அம்மா வீட்டு நிறமெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும் என்று எனக்கும் தெரிகிறது. தெரிந்தாலும் வலிக்கிறது.

அம்மா என்றால் புத்தி சொல்லாமல் இருக்க முடியாது, பொறுத்துக்கொள். ஒருவர் சொல்வது உனக்கு ஒத்துவரவில்லை என்றால், அவர் கண்ணைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் சொல்லை விசாரி. உன் வீட்டிலும் இது நடக்கும். மருமகள் பரவாயில்லை என்று ஒன்று சொல்வாள், நீ உன் அகராதியில் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவாய். அவள் வீட்டில் பரவாயில்லை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுக்கொள். அப்புறம், பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது நல்ல பிள்ளைக்கு அழகு. நீ நல்ல பிள்ளை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் விரலைப் பிடித்துக் காட்டினாயே, அந்த அளவு இடத்தை எனக்கும் விடு. இப்போது நீ போடப் பார்க்கிற வளையம் கொஞ்சம் இறுக்கம்.

தனியாக இருக்கப் பயமே இல்லை என்று நான் பீற்றிக்கொள்ளமாட்டேன். பயம் இருக்கிறது. மழை பலமாகப் பெய்து கரண்டு போனால் உன் பெயரைத்தான் வாய் சொல்கிறது. உன்னைப் பார்க்க வேண்டும், உன் சமையலறை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும், நீ ஏறி இறங்குகிற அந்த ஸ்டேஷனையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். நேற்று பொழுது சாய முகத்துவாரத்துக்குப் போனேன். உப்புக்கொத்திகளின் மார்பில் செங்கல் நிறம் ஏறிவிட்டது. தின்று கொழுத்து உருண்டையாகிவிட்டன. ஒரு இடத்தில் நிற்கவில்லை. எழும்புகின்றன, சுற்றுகின்றன, இறங்குகின்றன, மறுபடி எழும்புகின்றன. போகவும் மனமில்லை, இருக்கவும் முடியவில்லை. நானும் அங்கே நின்று மணலை மிதித்துக்கொண்டே இருந்தேன். மஞ்சளும் ஊதாவும் போட்டது கடைசி வரைக்கும் ஒற்றைக் காலில் நின்று என்னைப் படாத பாடு படுத்திவிட்டு, கிளம்பும்போது மட்டும் இரண்டையும் காட்டியது.

அதனால் என் முடிவைக் கேட்டுக்கொள். அவை கிளம்பட்டும், பின்னாலேயே நானும் கிளம்பி உன்னிடம் வருகிறேன். ஆவணியில் அவை இந்தச் சேற்றில் திரும்ப இறங்கும்போது நானும் இங்கே நிற்க வேண்டும். அடுத்த வருஷமும் அப்படியே, உடம்பு இடம் கொடுக்கிற வரைக்கும். திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே போடு. சித்தப்பாவுக்குச் சாவி வேண்டாம், அது என் கைப்பையிலேயே வரும். அங்கே மிதிக்கிற மிஷின் ஒன்று கிடைத்தால் பார்த்து வை, இல்லாவிட்டால் உன் வீட்டுத் தரையைத்தான் மிதித்துத் தேய்ப்பேன். அந்தப் பறவையை மஞ்சளும் நீலமும் என்று மாற்றி எழுதி அனுப்பு. அது யார், எங்கே வளையம் போட்டது என்று பதில் வந்தால் போனில் சொல்லாதே. நேரில் சொல், சோற்றைப் பிசைந்துகொண்டே.

விமான நிலையத்தில் கூட்டம் நெரியும். நான் உன்னைக் கண்டுபிடித்துவிடுவேன், என் கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார். நீதான் கவனமாகப் பார்க்க வேண்டும். ஊதாப் புடவை கட்டிக்கொண்டு வருவேன். கத்தரிப்பூ நிறத்தில் யாராவது வருகிறார்களா என்று நீ பார்த்துக்கொண்டு நின்றால், உன் அம்மா உன்னைத் தாண்டிப் போய்விடுவாள்.

அம்மா